மூச்சடக்கும் வம்சம்

அபஹா,
ஜமாதுல் அவ்வல் 9, 1419

தம்பி ஷாமிக்கு,

ஸலாம். இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

நீ அனுப்பிய சம்மதப் பத்திரம் வந்தது. 'வீட்டை விருந்தினர் விடுதியாகவும் ஸ்கூபா முக்குளிப்புப் பழக்கும் நிலையமாகவும் நடத்தக் கூட்டு வாரிசாகிய எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று நீயே அச்சடித்து, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறாய். உன் துணிச்சலை மெச்சுகிறேன். ஆட்சேபணை இருக்கிறது. நிறைய இருக்கிறது.

வாப்பா மவுத்தான செய்தி எனக்கு எப்போது வந்தது? அடக்கம் முடிந்து, துஆ ஓதி, வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு. தீவில் காற்று பலமாக இருந்தது, படகு ஓடவில்லை என்றாய். காற்று ஓய்ந்த பிறகும் நீ வரவில்லை. ஜிஸானிலிருந்து மீன் ஏற்றி வந்த லாரிக்காரன், சந்தையில் ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டே, "வாத்தியாரே, உங்க வாப்பா போயிட்டாராமே" என்றான். கையில் வெங்காயப் பையோடு நின்றேன்.

அதற்கு முந்தையதும் மறக்கவில்லை. நம் இருவரையும் வாப்பா படகில் கூட்டிப்போய், முத்துக்குளிப்பவர்களைப் போலக் காலில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தார். நீ சிப்பியோடு வந்தாய். நான் பாதி ஆழத்திலேயே கயிற்றை உலுக்கிவிட்டேன். அன்று சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி அத்தனை பேரும் இருக்கும்போது உம்மாவிடம் சொன்னார்: "மூத்தவனுக்கு மூச்சு கிடையாது. படிக்க அனுப்பிரு." என்னைப் படிக்க வைத்ததை ஊர் ஒரு சலுகையாக நினைக்கிறது. அது சலுகை அல்ல. கடலிலிருந்து என்னைக் கழித்துவிட்டார்கள், அவ்வளவுதான். கழிக்கப்பட்டவன் போய் மலைநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடல்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன். தலைமை ஆசிரியர் பதவி என்னைவிட இளையவனுக்குப் போனபோதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், ஓய்வு பெறும் வரை.

வாப்பா உட்கார்ந்து காப்பி குடித்த மஜ்லிஸ் கூடத்தில் இப்போது ஜித்தாக்காரர்கள் ஈர உடுப்போடு படுத்துக் கிடக்கிறார்களாம். அதற்கு என் கையெழுத்து வேண்டுமாம். போட மாட்டேன்.

உன் அண்ணன்
ஜுப்ரான்

*

ஃபரசான்,
ஜமாதுல் அவ்வல் 21

அண்ணே,

சலாம். நான் ஆறாவதோட நின்னவன், பேசற மாதிரிதான் எனக்கு எழுத வரும். பொறுத்துக்க.

உன் கடுதாசியை எம் பொஞ்சாதி கைரியாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அவ ரொட்டி தட்டிட்டே கேட்டா. முடிஞ்சதும், "உங்க அண்ணன் மைக்குப் பதிலா மொளகைக் கரைச்சு எழுதியிருக்காரு"ன்னா. அப்புறம், "லாரிக்காரன் விஷயம் மட்டும் அவரு சொல்றது நியாயம்"னா.

நியாயம்தான். காத்து அடிச்சது நெசம். ஓஞ்சப்புறம் நான் வராததும் நெசம். உன் முகத்துக்கு முன்னாடி நிக்க பயந்துட்டேன். அந்த லாரிக்காரன்ட்ட சொல்லிவிட்டதே நான்தான். வீட்டுக்குப் போய் உக்கார வச்சு சொல்லுன்னு சொன்னேன். அவன் சந்தையில வச்சு சொல்லுவான்னு நெனைக்கல. அதை நெனச்சா இன்னிக்கும் சோறு எறங்காது.

வாப்பா சொன்னதுக்கு நான் என்ன பண்ணட்டும்? எனக்கு மூச்சு இருந்தது என் குத்தமா?

விஷயம் இதான். இந்த ஹஜ்ஜு மாசத்துக்குள்ள ஜிஸான் ஆபீஸுல உன் பத்திரத்தைக் குடுக்கலேன்னா அனுமதியை எடுத்துருவாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது. வலையை வித்துத்தான் காத்துச் சிலிண்டர் வாங்கினேன். ஆனா உன் பாதி உன்னுதுதான், இல்லேங்கல. ஒண்ணு மட்டும் செய். வந்து தங்கு. விருந்தாளி மாதிரி தங்கு. கைரியா சமையலைச் சாப்பிடு. என்கூட தண்ணிக்குள்ள ஒரு தடவை எறங்கு. அப்புறமும் இழுத்து மூடுன்னு சொன்னா மூடிடறேன். சத்தியம்.

தம்பி
ஷாமி

*

அபஹா,
ஜமாதுல் ஆகிர் 1

ஷாமிக்கு,

வருகிறேன். சாப்பாட்டுக்காக அல்ல. பார்க்காமல் மறுத்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக.

வாப்பாவின் அறை எனக்கு வேண்டாம். கடல் தெரியாத பின்பக்க அறையைக் கொடு. துறைமுகத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டிப்பிடிக்காதே. தண்ணீரில் இறங்குகிற பேச்சையே எடுக்காதே. ஐம்பத்து மூன்று வயதில் யாரிடமும் என் மூச்சை நிரூபிக்க வேண்டியதில்லை.

ஜுப்ரான்

*

ஃபரசான்,
ஜமாதுல் ஆகிர் 16

ஷாமிக்கு,

நீ கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு ஜிஸானுக்குப் போனதிலிருந்து இங்கே எல்லோரும் வேலையற்றுக் கிடக்கிறோம். எந்திரம் இல்லாமல் சிலிண்டரில் காற்று இல்லை. காற்று இல்லாமல் உன் விருந்தாளிகள் கரையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள். பட்டறையில் இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று எழுதிப் போடு. சீக்கிரம் வா என்று நான் கெஞ்சுவதாக நினைக்காதே. நிர்வாகம் சரியில்லை என்கிறேன்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்பக்க அறையில் கடல் தெரியாது என்றாய், சத்தம் கேட்கிறது. கட்டில் குட்டை. அறை வாசலில் ஆடு படுக்கிறது, அதை விரட்டினால் கைரியா என்னை முறைக்கிறாள்.

சாப்பாட்டில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. காலையில் கம்பு ரொட்டியைச் சூடாக உதிர்த்து, வாழைப்பழத்தோடு பிசைந்து, நெய்யும் தேனும் குழியில் விட்டுக் கொடுத்தாள். மதியம் கல்சட்டியில் வெண்டைக்காயும் ஆட்டுக்கறியும். சட்டி தரைக்கு வந்த பிறகும் கொதித்துக்கொண்டிருந்தது. அபஹாவில் ஓட்டல் சோறு தின்று என் நாக்கு செத்துப்போயிருந்தது போலும். இரண்டாம் முறை வாங்கினேன். மூன்றாம் முறை கையை நீட்டும்போது அவள் கேட்டாள்:

"மச்சான், இன்னும் எவ்வளவு ஆட்சேபணை இருக்கு? சட்டியில கொஞ்சம்தான் இருக்கு."

உன் விருந்தாளி பல் மருத்துவர் ஃபவாஸ் வாயில் சோற்றோடு சிரித்து, புரையேறி, கண்ணெல்லாம் தண்ணீர். அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். மனிதர் பரவாயில்லை. தண்ணீரில் மிதக்கும் தெர்மாஸ் மாதிரி இருந்துகொண்டு என்னைக் கேலி செய்கிறார். "வாத்தியாரே, மூச்சு விடுங்க. பரீட்சை எல்லாம் முடிஞ்சு போச்சு."

நீ போகும் முன் இடுப்பளவு தண்ணீரில் என்னை முழங்காலிட வைத்தாயே, அதைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். பேச்சையே எடுக்காதே என்றவன் எப்படி இறங்கினேன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலை தண்ணீருக்குள் போனதும் மூச்சு தானாக அடைத்துக்கொண்டது. நீ என் மார்பைத் தட்டினாய். மறுபடி தட்டினாய். பிறகு விட்டேன். குழாய் வழியாக உள்ளே காற்று வந்தது. தண்ணீருக்கு அடியில் என் மூச்சுச் சத்தத்தை நானே கேட்டேன். ஒரு சின்ன மீன் என் மீசைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. அவ்வளவுதான். ஆனால் அன்று முழுவதும் எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. கோபத்தைத் தேடிப் பார்த்தேன்.

நேற்று கரையோரம் குளித்துவிட்டு, மஜ்லிஸில் ஈர உடுப்போடு நானும் படுத்துவிட்டேன். விழித்தபோது வெட்கமாக இருந்தது. இறந்தவர் வீட்டில் சிரித்துவிட்டவனைப் போல. எழுந்து உடுப்பை மாற்றி, படுத்த இடத்தைத் துடைத்தேன். கைரியா பார்த்தாள்.

பத்திரத்தைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஜுப்ரான்

*

ஜிஸான்,
ஜமாதுல் ஆகிர் 20

அண்ணே,

எந்திரம் சரியாயிடுச்சு. வியாழக்கிழமைப் படகுல வர்றேன். கடுதாசியை மூணு தடவை வாசிச்சேன். பட்டறைக்காரன், "என்னய்யா, கல்யாணச் சேதியா?"ன்னு கேக்கறான்.

கடைசிப் பாடம் வெளித்திட்டுப் பவளப்பாறைகிட்ட. பதினஞ்சு மீட்டர் எறங்கிட்டு மெதுவா வரணும். அதுக்குள்ள இது ஒண்ணை மட்டும் மண்டையில ஏத்திக்க. மூச்சை அடக்காதே. எப்பவும், எதுக்காகவும். இதை நான் ஜித்தாக்காரனுக்கு ஒரு தடவை சொன்னா போதும். அவன் பயந்த ஆளு, ஊதிட்டே வருவான். நம்ம ஊர்க்காரனுக்குத்தான் நூறு தடவை சொல்லணும். பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து அடக்கிப் பழகின நெஞ்சு.

வாப்பா அடக்கினாரே, அவருக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேப்ப. நீ படிச்சவன், உனக்குப் புரியும். அவரு காத்தை மேலேருந்து கொண்டுபோனாரு. போறப்ப அது சுருங்கும், வர்றப்ப பழைய அளவுக்கு வரும். சிலிண்டர்க் காத்தை நீ அடியில வச்சு வாங்கற. வாயைச் சாத்திட்டு மேல வந்தா அது உள்ள ஊதிக்கிட்டே போகும். நெஞ்சு கிழிஞ்சிரும். கரைக்கு உசிரோட வர மாட்ட. மூச்சை அடக்கறவனுக்கு மரியாதை வாப்பா எறங்கின கடல்ல. இது வேற கடல்.

மூணாவது தட்டு சோத்தை கைரியா தந்தாளா இல்லையா, அதை எழுதவே இல்லையே.

ஷாமி

*

ஃபரசான்,
ரஜப் 4

அன்புத் தம்பி ஷாமிக்கு,

ஆஸ்பத்திரி முகவரி கைரியாவின் தம்பி மூலம் கிடைத்தது. உன் காலில் உணர்ச்சி கொஞ்சம் திரும்பியிருப்பதாகச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். வலது காலா, இடது காலா என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. உன்னைப் படகில் ஏற்றும்போது இரண்டும்தான் தொங்கின.

எனக்கு ஒன்றுமில்லை. மூக்கில் வந்த ரத்தம் அன்றே நின்றுவிட்டது. இதை எழுதவே கூசுகிறது.

விருந்தாளிகள் போய்விட்டார்கள். ஃபவாஸ் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை. விடுதியை மூடி வைக்கும்படி ஜிஸான் அலுவலகத்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். விசாரணை முடியும் வரைதான் என்றார்கள். சிலிண்டர்களைக் கழுவி நிழலில் நிறுத்தியிருக்கிறேன். ஆட்டை விரட்டுவதில்லை.

கைரியா என்னிடம் பேசுவதில்லை. ஆனால் வேளை தவறாமல் தட்டு வருகிறது. மூடிய தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போகிறாள். நேற்று வறுத்த மீன், சோறு, நீ சொல்வாயே, அந்தப் புளித்த தக்காளிச் சாறு. பாதி சாப்பிட்டேன். மீதியை ஆடு தின்றது.

கடலில் நடந்ததை நீ அறிவாய். அதைத் திருப்பி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கரையில் கடலோரக் காவல் சார்ஜென்ட் என்னைக் கேட்டார். கேட்டதற்குச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். எப்போது வேண்டுமானாலும் நான் ஜித்தாவுக்கு வரத் தயார். நீ வா என்று சொன்னால்.

உன் அண்ணன்
ஜுப்ரான்

*

ஜித்தா,
ரஜப் 13

அண்ணே,

இடது கால். வலது நல்லாயிருக்கு, உதைக்கற அளவுக்கு. கவலைப்படாதே.

என்னை ஒரு இரும்பு உருளைக்குள்ள தள்ளி மூடிடறாங்க. கைரியாவோட பானை மாதிரி ரொட்டி அடுப்பு இருக்கே, அதைப் படுக்கப் போட்ட மாதிரி. உள்ள காத்தை அழுத்தி அழுத்தி ஏத்தறாங்க. பக்கத்துல ஒரு எகிப்து நர்ஸ் உக்காந்து, "தூங்காதீங்க ஹாஜி, பேசுங்க"ங்கறாரு. நான் ஹாஜி இல்லப்பான்னா, "வெளிய வந்ததும் போயிட்டு வாங்க, இப்ப பேசுங்க"ங்கறாரு. ரத்தத்துல பூந்த குமிழி கரையணுமாம். பாதி கரைஞ்சிருச்சாம். மீதியைப் பத்தி டாக்டர் வாயைத் தொறக்க மாட்டேங்கறாரு. மறுபடி ஆழத்துக்குப் போக முடியுமான்னு கேட்டா பேனாவைப் பாக்கறாரு.

நீ எழுத வேண்டாம்னுட்ட. நான் எழுதறேன். உள்ளயே வச்சிருந்தா எனக்கு இது வேற குமிழியா மாறிடும்.

பவளத்துக்கு அடியில நாம மூணு பேரு. ஃபவாஸுக்கு கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்துருச்சு. அதைச் சரி பண்ணிட்டு திரும்பறேன். நீ வாய்க்குழாயை எடுத்துட்ட. தவறி விழல. நீயா எடுத்த. கையை ரெண்டையும் தொடையோட ஒட்டி வச்சுக்கிட்டு, தலையை நிமுத்தி, நேரா மேல போற. வாப்பா போற மாதிரியே. அண்ணே, நெசத்தைச் சொல்லணும்னா ஒரு நொடி நான் பாத்துட்டே நின்னுட்டேன். அழகா இருந்துச்சு. அப்புறம்தான் உறைச்சுது, உன் வாயிலேருந்து ஒரு குமிழிகூட வரலைன்னு. எட்டிப் புடிச்சு வயித்துல குத்தினேன். காத்து கொப்புளிச்சுது. அதே வேகத்துல ரெண்டு பேரும் மேல வந்து விழுந்தோம்.

உனக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு ஆச்சு. ஏன்னா அன்னிக்குக் காலையில சிக்கின நங்கூரத்தை எடுக்க நான் ரெண்டு தடவை ஆழமா எறங்கியிருந்தேன். அப்படி எறங்குனவன் அன்னிக்கே ஆளுங்களைக் கூட்டிட்டுப் போகக்கூடாது. எனக்கே தெரியும். நீ அபஹாவுக்குக் கிளம்பறேன்னு சொன்ன. போறதுக்குள்ள உனக்கு அந்தத் திட்டைக் காட்டணும்னு ஆசை. அந்தக் குத்தம் என்னுது. அதை நான் ஆபீஸுக்கு எழுதிட்டேன்.

நீ சார்ஜென்ட்கிட்ட என்ன சொன்னியோ அதை மட்டும் எழுது. ரெண்டு பேரு சொல்றதும் ஒண்ணா இருந்தா அவங்களுக்குப் புரியும்.

ஷாமி

*

ஜித்தா,
ஷஅபான் 2

ஜுப்ரானுக்கு,

உன் பதில் வரல. ஆபீஸ் பதில் வந்துருச்சு. ஆபீஸ் எழுத்து எனக்கு ஓடாது, அந்த எகிப்து நர்ஸை வாசிக்கச் சொன்னேன். அவரு வாசிச்சாரு.

'பயிற்றுநர் காரணமின்றித் தன்னைப் பிடித்து மேலே இழுத்ததாக விருந்தினர் கூறியுள்ளார். தனக்கு வேறெதுவும் தெரியாது என்கிறார்.' அதனால எனக்கு அனுமதி ரத்து. மறுப்பு இருந்தா மாச முடிவுக்குள்ள சொல்லணுமாம்.

கால் போனது கடல்ல நடந்தது. அதுக்கு உன்மேல எனக்குக் கோபம் வரல, இன்னிக்கும் வரல. ஆனா கரையில ஏறினப்புறம் உனக்கு மூச்சு நல்லாத்தானே வந்துக்கிட்டு இருந்துச்சு?

லாரிக்காரன் மூலமா சேதி சொன்னதுக்குப் பழி தீத்துக்கிட்டியா? அப்படீன்னா அதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்.

இனிமே 'உன் அண்ணன்'னு கையெழுத்து போட்டு எனக்கு எழுதாதே. அந்த எழுத்தைப் பாக்க முடியல.

ஷாமி

*

ஃபரசான்,
ஷஅபான் 17

ஷாமி,

உன் கடிதத்தைக் கைரியாதான் கொண்டுவந்து கொடுத்தாள். உறையைப் பிரிக்கும்போது அவள் வாசலிலேயே நின்றாள். முதல் முறையாக, தட்டை வைத்துவிட்டுப் போகாமல். வாசித்து முடித்து அவள் கையிலேயே கொடுத்தேன்.

"நான் சார்ஜென்ட்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மச்சான்" என்றாள். "மூக்குல ரத்தம் வந்தவரு நின்னு பேசறாரு. கால் வராதவரு படுத்துக்கிட்டு பேசாம பாக்கறாரு. இதுல என்ன புரியாம இருக்கு?"

"அப்ப ஏன் எனக்குச் சோறு போட்டே?"

"சோறு வேற, வழக்கு வேற. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க எங்க வீட்டுல பழக்கம் இல்ல." பிறகு, "வழக்கை நீங்க எங்க வைக்கணுமோ அங்க போய் வைங்க" என்றாள்.

மறுநாள் படகில் ஜிஸானுக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் இளைஞர், மரியாதையானவர். தேநீர் வரவழைத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பழைய தாளைப் புரட்டினார்.

"ஆசிரியரே, அப்ப இழுத்தார்னு சொன்னீங்க. இப்ப காப்பாத்தினார்னு சொல்றீங்க. நான் எதை எழுதறது?"

"ரெண்டும் ஒரே காரியம்தான். அன்னிக்கு நான் பாதியைச் சொன்னேன்."

"பாதியை ஏன் சொன்னீங்க?"

"துறையில ஊரே நின்னுச்சு."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் பிள்ளைகளை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். பார்க்கப்படுகிறவன் எப்படி இருப்பான் என்று இப்போதுதான் தெரிந்தது. பிறகு எழுதினார். வாய்க்குழாயை நானே எடுத்தேன், அடக்கக் கூடாது என்று பலமுறை எச்சரிக்கப்பட்டிருந்தேன், பிடித்திருக்காவிட்டால் இறந்திருப்பேன். எல்லாவற்றின் கீழும் என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். அனுமதி திரும்பக் கிடைக்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. காலையில் இரண்டு முறை இறங்கியதற்கு நீ பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமாம். ஆனால் ரத்து உத்தரவை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். வீட்டுக்கான சம்மதப் பத்திரத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். கடலின் வழக்கு எப்படி முடிந்தாலும் வீட்டின் வழக்கு முடிந்தது.

பழி தீர்த்துக்கொண்டேனா என்று கேட்டிருக்கிறாய். அப்படியிருந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். பழி என்றால் எனக்குப் பழக்கமான சரக்கு. எடுத்துக் காட்டி, இதோ என்று சொல்லியிருப்பேன். அன்று எனக்கு உன்மேல் எந்தக் கோபமும் இல்லை. அதுதான் இதில் மோசமான பகுதி.

பவளத்துக்குக் கீழே நீ ஃபவாஸின் கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். நான் மேலே பார்த்தேன். வெளிச்சம் தண்ணீருக்குள் தூண் தூணாக இறங்கியிருந்தது. இந்த இடத்திலிருந்துதான் வாப்பா எழும்பியிருப்பார் என்று தோன்றியது. உன் கடிதம், உன் நூறு எச்சரிக்கை, நான் பாடமாக நடத்திய காற்றழுத்தம் எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். நெஞ்சு நிறைய வாங்கி, அடக்கி, எழும்பினேன். அடைத்துக்கொண்டு நின்றது மூச்சு. என்னிடமும் இருந்தது, ஷாமி. நீ வந்து பிடிக்கும் வரை என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. வயிற்றில் நீ குத்தியபோது முதலில் வந்தது ஆத்திரம். விடேன், இன்னும் கொஞ்சம்தானே என்று.

கரையில் சார்ஜென்ட், "என்ன ஆச்சு வாத்தியாரே?" என்று கேட்டபோது, ஐம்பத்து மூன்று வயதுக்காரன் வாப்பா வேஷம் போட்டு விளையாடினேன் என்று எப்படிச் சொல்வது? கூட்டத்தில் வாப்பாவோடு முத்துக்குளித்த கிழவர்கள் இருவர் நின்றார்கள். அவர்கள் முன்னால் மறுபடியும் கயிற்றை உலுக்கியவனாக நிற்க எனக்கு மனமில்லை. அதனால், "அவன்தான் பிடிச்சு இழுத்தான், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். நீ படகுப் பலகையில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். உனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன். மன்னிப்பைக் கேட்கவில்லை, அதைத்தான் கேட்டேன். உன் ரஜப் மாதக் கடிதம் வந்தபோது, நீ உன் குற்றத்தைத் தேடி எடுத்து எழுதியிருந்ததைப் பார்த்து, பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் விளக்கம்தான் வந்தது. கிழித்துப் போட்டேன்.

வாப்பா செய்தியை லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பியதற்காக இத்தனை வருஷம் உன்னை வெறுத்தேன். முகத்துக்கு முன்னால் நிற்க பயம் என்று எழுதியிருந்தாய். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று இப்போது எனக்குத் தெரியும். அதற்காக இரண்டும் சமமாகிவிட்டது என்று சொல்லவில்லை. நீ பயந்ததில் எனக்கு ஒரு துக்கம் தாமதமாக வந்தது. நான் பயந்ததில் உன் பிழைப்பு போயிற்று.

நடைமுறை விஷயங்கள். அறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறேன், சுமாராகத்தான் வருகிறது. கைரியா சுவரைப் பார்த்துவிட்டு, "ஆடு அடிச்சிருந்தா இதைவிட நேரா இருக்கும்" என்றாள். அவள் என்னோடு பேசிய அடுத்த வாக்கியம் அது. கம்ப்ரஸரைத் துணி போட்டு மூடியிருக்கிறேன். ஃபவாஸ் கடிதம் போட்டிருக்கிறார். தான் பார்த்ததை அலுவலகத்துக்கு எழுதித் தரத் தயார் என்கிறார். அன்று துறையில் என் கையைப் பிடித்தபோது அவர் சொல்ல வந்தது அதுதானாம். நானே முதலில் உண்மையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தாராம்.

உன்னை நோன்புக்கு முன் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேள்வி. அந்தப் படகு வரும்போது நான் துறையில் நிற்கலாமா, அல்லது அதற்கு முந்தைய படகில் ஏறிவிட வேண்டுமா, எதுவானாலும் கைரியாவுக்கு ஒரு வரி எழுது. எனக்கு எழுத வேண்டாம். அவள் சொல்வதைச் செய்கிறேன். ஏறு என்றால் ஏறுகிறேன், முணுமுணுக்க மாட்டேன்.

எழுதி முடித்துவிட்டேன். பேனா தானாக அந்த இரண்டு வார்த்தைகளை நோக்கிப் போகிறது; பழக்கம். நீ போடாதே என்றாய். வேறு எதைப் போட்டாலும், வெறும் பெயரைப் போட்டாலும், அதுவும் ஏதோ ஓர் உரிமையைக் கேட்பது போலத்தான் இருக்கிறது. அலுவலகத் தாளில் என் பெயர் இருக்க வேண்டும், இருக்கிறது. இந்தத் தாளில் அது எதற்கு என்று நீ தீர்மானிக்கும் வரை இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை. இப்படியே மடித்து உறையில் போடுகிறேன். தபால் அலுவலகத்தில் அனுப்புகிறவர் யார் என்று கேட்பார்கள். வீட்டின் தபால் பெட்டி எண்ணை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவேன்.